டெல்டாவில் தீவும் உண்டு, மீனும் உண்டு: எங்கே, எப்போது, எப்படிச் சாப்பிடுவது?

4 ஜனவரி 2025, மாலை

கும்பகோணத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பொங்கல் லீவுக்குக் குடும்பத்தோடு ஏதாவது ஒரு தீவுக்குப் போய், அன்றன்று பிடித்த மீனைச் சாப்பிட்டு வரணும். அந்தமானுக்குக் கட்டாது. எங்க மாமா ராமேஸ்வரம் போகலாம் என்கிறார். நம்ம டெல்டாவில் தீவும் கிடையாது, சொல்லிக்கொள்கிற மாதிரி மீன் ஓட்டலும் கிடையாது. மாமா சொல்வதுதான் சரியா?"

தீவு இல்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கொள்ளிடம் கடலில் விழுகிற இடத்தில் கொடியம்பாளையம் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, மிச்சத்துக்கு உப்பங்கழி. அதற்கு வடக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், பிச்சாவரத்தின் அலையாத்தித் திட்டுகள். தெற்கே போனால் முத்துப்பேட்டை லகூன், அதாவது கடலோரக் காயல்.

ஓட்டல் விஷயத்தில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. மேசை போட்டு மெனு கார்டு நீட்டுவார்கள் என்று நம்பி இந்த இடங்களுக்குப் போகாதீர்கள். இங்கே வழக்கம் வேறு. படகு வந்து சேரும் நேரத்துக்கு இறங்குதளத்தில் நிற்க வேண்டும், அங்கேயே வாங்கி ஆய்ந்துகொள்ள வேண்டும், முன்கூட்டியே பேசி வைத்த வீட்டில் சமைக்கக் கொடுத்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதற்குத் தயார் என்றால் டெல்டாவை விட்டு வெளியே போக அவசியமே இல்லை.

4 ஜனவரி, ராத்திரி

மாமாவையும் தள்ளிவிட முடியாது. ராமேஸ்வரத்துக்கு வடகடல், தென்கடல் என்று இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் கொந்தளித்தால் இன்னொரு பக்கம் வலை போடுவார்கள். அங்கே போனால் மீனுக்குக் கோயிலைச் சுற்றி அலையாமல் பாம்பன் பக்கம் போங்கள். ராமேஸ்வரத்தைப் பற்றி இவ்வளவு போதும், நம்ம ஊருக்கு வருகிறேன்.

5 ஜனவரி

"கடலோரத்துக் கடை என்றாலே மீன் புதுசாகத்தானே இருக்கும்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

நான் சீர்காழிக்காரன். பழையாறு துறைமுகத்துக்கு ஐஸ் வண்டி ஓட்டிப் பிழைத்தவன். அதனால் எந்தப் படகு எவ்வளவு ஐஸ் ஏற்றுகிறது என்பதை வைத்தே அது எத்தனை நாள் கடலில் நிற்கப் போகிறது என்று கணக்குப் போடத் தெரியும். விசைப்படகு ஐஸை நிறைய ஏற்றிக்கொண்டு போகும், சில நாள் தங்கிப் பிடிக்கும். முதல் நாள் மீனும் கடைசி நாள் மீனும் ஒரே அறையில்தான் வந்து இறங்கும். ஏலத்தில் பெரிய மீனைக் கம்பெனி வண்டிகள் அள்ளிக்கொள்ளும். மிச்சம் வியாபாரி கைக்குப் போய், அங்கிருந்து கடைக்கு வந்து, கடைப் பெட்டியில் இன்னொரு ராத்திரி கிடக்கும். கடல் கண்ணுக்கு எதிரே இருக்கும், தட்டில் இருக்கிற மீனோ கடலை விட்டு ஒரு வாரம் ஆகியிருக்கலாம்.

ஃபைபர் படகு அப்படியில்லை. விடியுமுன் போகும், பகலுக்குள் திரும்பும். சின்ன மீன்தான் வரும்: சங்கரா, காரப்பொடி, நெத்திலி, கவளை, கிழங்கான், நண்டு. எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது, "ஃபைபர் எத்தனை மணிக்கு ஒதுங்கும்?" அதற்கு உடனே பதில் சொல்கிற ஆள் இருக்கிற ஊரில் நல்ல மீன் கிடைக்கும்.

செவுள் சிவப்பாக இருக்கணும், கண் துருத்திக்கொண்டு தெளிவாக இருக்கணும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றையும் பாருங்கள். தலைப்பக்கம் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்கினால் வால் தொங்கக் கூடாது. கரைக்கு வந்து கொஞ்ச நேரமே ஆன மீன் விறைப்பாக நிற்கும்.

5 ஜனவரி, சற்றுக் கழித்து

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஐஸ் என்றாலே கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடித்த உடனே படகிலேயே ஐஸில் போட்ட மீன், பிடித்துவிட்டு வெயிலில் நாலு மணி நேரம் தட்டில் கிடந்த மீனைவிட எவ்வளவோ மேல். படகில் போட்ட ஐஸ் மீனைக் காப்பாற்றும். கடையில் திரும்பத் திரும்ப உருகிப் போட்ட ஐஸ் தண்ணீர்தான் சதையைச் சவசவக்க வைக்கும். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும், வறுத்தால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும்.

7 ஜனவரி

கொடியம்பாளையத்துக்கு வழி கேட்டவர்களுக்கு. மாவட்டம் மயிலாடுதுறை, ஆனால் சாலை கடலூர் மாவட்டம் வழியாக. சீர்காழியிலிருந்து போகிறவர் கொள்ளிடத்தைத் தாண்டி, சிதம்பரம் பக்கம் சுற்றி, கிள்ளைப் பகுதி வழியாகத்தான் உள்ளே இறங்க வேண்டும். பழையாற்றில் நின்றால் அக்கரையில் இருக்கிற ஊர்தான் அது. படகில் போனால் கொஞ்ச நேரம், வண்டியில் போனால் பெரிய சுற்று. பழையாற்றிலிருந்து நேராக ஒரு பாலம் வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்பதில் எனக்கு முழுச் சம்மதம். பிள்ளைத்தாய்ச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வீட்டுக்குத்தான் அந்தச் சுற்று எவ்வளவு என்று தெரியும்.

விடுதியை நம்பிப் போகாதீர்கள். சிதம்பரத்தில் தங்கி, விடியற்காலையில் கிளம்பிப் போய், மதியம் சாப்பிட்டுத் திரும்புவதுதான் குடும்பத்துக்குச் சரிப்படும். ஊரில் யாரையாவது தெரிந்துகொண்டு, முதல் நாளே சொல்லிவிடுங்கள். அரிசி, எண்ணெய், மசாலா செலவையும் சமைக்கிற கூலியையும் பேசிவிட்டுக் கொடுங்கள். அது அவர்கள் வீடு, கடை இல்லை. "இன்னும் ரெண்டு மீன் வைங்க" என்று அதிகாரமாகக் கேட்கிற இடம் அல்ல.

9 ஜனவரி

காணும் பொங்கலன்று வேண்டாம். பூம்புகார், தரங்கம்பாடி, பிச்சாவரம் எல்லா இடத்திலும் கூட்டம் நெரியும். அன்றைக்கு என்ன மீன் கொடுத்தாலும் விற்றுவிடும் என்பதால் யாரும் பார்த்துப் பார்த்துக் கொடுக்க மாட்டார்கள். ஒரு வாரம் தள்ளிப் போங்கள்.

21 ஜனவரி

கும்பகோணத்து நண்பர் பிச்சாவரம் போய் வந்துவிட்டார். துடுப்புப் படகில் சுரபுன்னைக் காட்டுக்குள் போனது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்ததாம். (மோட்டார் படகை விட்டுத் துடுப்பைப் பிடித்தது நல்ல முடிவு. குறுகலான வாய்க்காலுக்குள் அதுதான் போகும்.) ஆனால் திரும்பும் வழியில் ஒரு கடையில் வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டு, "பஞ்சு மாதிரி இருந்தது, இதுவா உங்க டெல்டா மீன்?" என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார்.

அண்ணா, கழிக்கரையில் உட்கார்ந்துகொண்டு எதற்கு வஞ்சிரம்? அது வெளிக்கடல் மீன். எந்த ஊருக்கும் பெட்டியில் வருகிற மீன். பிச்சாவரத்தில் கேட்க வேண்டியது கழி மீன்: மடவை, கொடுவா, கிழங்கான், கெளுத்தி, இறால், சேற்று நண்டு. ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற இடத்தில் மேய்கிற மீனுக்கு ஒரு நெய்ப்பு உண்டு. அதை வஞ்சிரத்தில் எதிர்பார்க்க முடியாது.

பிச்சாவரத்தில் இருளர் இறால் பிடிப்பதை முடிந்தால் பாருங்கள். வலை கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றில் கையால் துழாவிப் பிடித்து, பல்லில் கவ்விக்கொண்டிருக்கிற பறி என்கிற ஓலைக் கூடைக்குள் போடுவார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தே இறங்குவார்கள். கரைக்கு வரும்போது இறால் துள்ளிக்கொண்டிருக்கும். அவர்கள் சொல்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். மணிக்கணக்காகச் சேற்றில் நிற்கிற வேலைக்கு அந்தக் காசு அதிகமே இல்லை.

22 ஜனவரி

"மடவை சேறு நாறும்" என்று ஐந்தாறு பேர் எழுதிவிட்டார்கள். நாறுவது ஆய்கிறதில் வருகிற கோளாறு.

மடவையின் வயிற்றைக் கீறினால் உள்சுவர் முழுக்க ஒரு கறுப்புச் சவ்வு ஒட்டியிருக்கும். அவசரத்தில் குடலை மட்டும் எடுத்துவிட்டு அலசினால் அது அப்படியே நிற்கும், குழம்பில் கசப்பும் சேற்று வாடையும் ஏறும். எங்கள் அத்தை கல் உப்பை உள்ளே வைத்துக் கட்டைவிரலால் முதுகெலும்பு வரைக்கும் தேய்ப்பார். சவ்வு கறுப்பு நூலாகச் சுருண்டு வரும். எலும்போரம் இருக்கிற ரத்தக் கட்டையும் நகத்தால் நெம்பி எடுத்துவிடுவார். உள்ளே வெள்ளை தெரிகிற வரைக்கும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பார். அதற்கப்புறம் மஞ்சள் தடவி ஓரமாக வைத்துவிட்டுத்தான் புளி கரைப்பார்.

குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு கடைசியாக மீன். கரண்டி போடவே கூடாது, துணியால் சட்டியின் விளிம்பைப் பிடித்து ஒரு சுற்று சுற்றி வைப்பதோடு சரி. அப்படி வைத்த மடவைக் குழம்பை மறுநாள் காலை பழைய சோற்றுக்கு ஊற்றிச் சாப்பிட்டவர் யாரும் சேறு என்று பேச மாட்டார்கள்.

29 ஜனவரி, தை அமாவாசை

இன்றைக்குப் பல வீட்டில் கவிச்சி கிடையாது, அதனால் நண்டைப் பற்றி எழுத நேரம் கிடைத்தது.

அமாவாசைப் பக்கம் பிடித்த நண்டில் சதை நிறைந்திருக்கும், பௌர்ணமிப் பக்கம் உள்ளே தண்ணீராக இருக்கும் என்று கரையில் சொல்வார்கள். நான் அதைவிடக் கையை நம்புகிறேன். ஒரே அளவில் இரண்டு நண்டைத் தூக்கிப் பாருங்கள், கனம் இருக்கிறதை எடுங்கள். ஓட்டின் அடிப்பக்கம் அமுக்கினால் உள்ளே போகக் கூடாது. அமுங்கினால் அண்மையில் சட்டை உரித்த நண்டு, சதை இன்னும் கட்டவில்லை.

கடல் நண்டு வேறு, சேற்று நண்டு வேறு. கடல் நண்டைச் செத்த பிறகும் அன்றைக்கே சமைத்துவிடலாம். சேற்று நண்டை உயிரோடுதான் வாங்க வேண்டும். கொடுக்கைக் கயிற்றால் கட்டியே விற்பார்கள், கட்டை அவிழ்த்து விளையாட்டுக் காட்டாதீர்கள், விரலை நறுக்கிவிடும். பெரிய நண்டெல்லாம் ஏற்றுமதிக்குப் போய்விடுவதால் நடுத்தர அளவுதான் உள்ளூரில் கிடைக்கும். ரசத்துக்கு அதுவே நல்லது.

வயிற்று மடிப்பில் முட்டைக் கொத்து வெளியே தெரிகிற பெண் நண்டை வாங்க வேண்டாம். வாங்க ஆள் இருக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டே இருப்பார்கள், அடுத்த வருஷம் கழியில் நண்டு இருக்காது.

3 பிப்ரவரி

திருவாரூர் அக்கா ஒருவர், "முத்துப்பேட்டையை ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே" என்று கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம்.

தமிழ்நாட்டிலேயே பெரிய அலையாத்திக் காடு முத்துப்பேட்டைதான். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரைக்காக்கோரையாறு எல்லாம் வந்து லகூனில் விழுகின்றன. காவிரித் தண்ணீரில் ஒரு பங்கு கடலைப் பார்ப்பது இந்த வாய்களில்தான். ஜாம்பவானோடையிலிருந்து படகு. வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக முடியும், நினைத்த நேரத்தில் போய் இறங்குகிற இடம் கிடையாது. காட்டுக்குள் அடுப்பு மூட்டுவதையெல்லாம் நினைக்கவே வேண்டாம்.

அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது வாய்க்கால் மீன்பிடிப்பு. காட்டுக்குள் மீனவர்கள் வெட்டி வைத்த வாய்க்கால்கள் உண்டு. கடல் ஏற்றத்தில் தண்ணீரோடு மீனும் இறாலும் உள்ளே ஏறும். வற்றத்தில் திரும்பும்போது வாய்க்காலின் வாயில் வலை கட்டிப் பிடிப்பார்கள். அந்த வாய்க்கால் வழியாக உப்புத் தண்ணீர் போய் வந்ததால் ஓரத்தில் கன்றுகள் தழைத்ததைப் பார்த்துத்தான், மொட்டைத் திடலிலும் மீன்முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி அலையாத்தி நட்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அந்தக் காடு பட்ட பாட்டை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சை என்று சொல்ல ஒரு இலை நிற்கவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்துகொண்டிருக்கிறது.

சாப்பாட்டுக்குக் காட்டை விட்டு ஊருக்குள் வந்துவிடுங்கள். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தேங்காய்ப்பால் ஊற்றி வைக்கிற மீன் ஆணத்துக்கு (குழம்பைத்தான் அப்படிச் சொல்வார்கள்) ஈடாக எங்கள் சீர்காழிப் பக்கம் ஒன்றும் கிடையாது. சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள்.

4 பிப்ரவரி

அதற்கும் தெற்கே போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஆக செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் விசைப்படகு மீன் குவிந்திருக்கும், அதுவும் ஒரு ராத்திரி மீன்தான். அங்கே கடலோரத்தில் இருக்கிற மனோரா கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் காலையைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

23 பிப்ரவரி

இறாலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

"கழி இறால்" என்று சொல்லி விற்பதில் நிறைய, பண்ணைக் குளத்தில் வளர்க்கிற வனாமி என்கிற ஜாதி இறால். சீர்காழியிலிருந்து வேதாரண்யம் வரை கடலோரம் முழுக்கப் பண்ணைக் குளங்கள். தப்பான சரக்கு என்று சொல்லவில்லை, ஆனால் தீவுக்குப் போய்க் குளத்து இறால் சாப்பிட நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கூறு போட்டிருக்கிறதை உற்றுப் பாருங்கள். எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு என்றால் குளம். பெரிசும் சிறிசும், இரண்டு மூன்று ஜாதியும், நடுவில் ஒரு குட்டி நண்டும் கிடந்தால் கழி.

இந்தக் குளங்களுக்கு எதிராக நம்ம மண்ணில் பெரிய போராட்டமே நடந்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் போட்ட வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளைக் கட்டுப்படுத்தித் தீர்ப்புச் சொன்னது. நிலத்தடி நீர் உப்பாகிப்போன கிராமங்களை ஐஸ் வண்டியிலேயே தாண்டிப் போயிருக்கிறேன். குடத்தோடு தண்ணீர் வண்டியை எதிர்பார்த்து நிற்கிற பெண்களைப் பார்த்துவிட்டு இறால் தட்டை முன்னே வைத்தால் உள்ளே இறங்காது. அதனால்தான் இருளர் கையால் பிடித்த இறாலை வாங்கச் சொல்கிறேன்.

24 பிப்ரவரி

காரைக்கால் பாய் ஒருவர் இறால் வாடாவை நினைவுபடுத்தினார். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் சாயந்திரம் அரிசி மாவில் தேங்காயும் வெங்காயமும் சேர்த்துத் தட்டி, மேலே இறால் பதித்துப் பொரிப்பார்கள். தீவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த வழியாகப் போகிறவர் சாப்பிடாமல் தாண்டக் கூடாது. சட்டியிலிருந்து எடுத்த சூட்டில் சாப்பிடுங்கள்.

11 மார்ச்

நாளைக்கு மாசி மகம். கிள்ளையில் ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி தீர்த்தவாரிக்கு வருவார், வழியில் தர்காவில் சாமிக்கு மரியாதை நடக்கும். ஊரே ரோட்டில் இருக்கும். அதைப் பார்க்கப் போங்கள், கட்டாயம் போங்கள். மீனுக்கு என்று தனியாக இன்னொரு நாள் வாருங்கள்.

16 ஏப்ரல்

நேற்று முதல் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2017-க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. "பள்ளி லீவில்தான் வர முடியும், அப்போது மீனே இருக்காதே?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள்.

இருக்கும் அம்மா. தடை விசைப்படகுக்கு. ஃபைபரும் நாட்டுப்படகும் கரையோரம் போகும், கழியில் வீச்சு வலை நடக்கும். நான் முன்னே சொன்ன கணக்கில் பார்த்தால், அன்றைக்கே பிடித்த சின்ன மீன் வேண்டும் என்கிறவருக்கு இது கெட்ட காலம் இல்லை. விலை மட்டும் ஏறியிருக்கும். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது ஓட்டலில். தடைக்காலத்தில் பெரிய வஞ்சிரத் துண்டு தாராளமாகக் கிடைக்கிறது என்றால் அது மேற்குக் கரையிலிருந்து வந்ததாக இருக்கலாம், குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

மாங்காய் வந்துவிட்டது. கிழங்கானைக் குழம்பு வைத்தால் கடைசியில் நாலு துண்டு மாங்காய் போட்டு, புளியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

15 ஜூன்

நேற்று நள்ளிரவோடு தடை முடிந்தது. பழையாற்றில் படகுகள் கிளம்பிவிட்டன. தங்கிப் பிடிக்கிற படகுகள் திரும்பி வர இன்னும் சில நாள் ஆகும், அதனால் இன்றைக்கே வண்டி எடுத்துக்கொண்டு வந்து துறைமுகத்தில் ஏமாந்து நிற்காதீர்கள். முதல் படகுகள் வந்து இறங்கும்போது ஏலத்தில் கூட்டம் மிதிக்கும். குழந்தைகளோடு வருகிறவர்கள் அடுத்த வாரம் வருவது நல்லது.

கும்பகோணத்து அண்ணன் மறுபடி எழுதியிருக்கிறார். இந்தத் தடவை கொடியம்பாளையமே போய், ஆள் பேசி, மடவையும் நண்டும் சாப்பிட்டுவிட்டாராம். கொடுவா ஒன்று வீட்டுக்கு எடுத்துப் போகணும், எப்படி என்று கேட்கிறார்.

கரையிலேயே செவுளையும் குடலையும் எடுத்துவிடச் சொல்லுங்கள், கெடுவது அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். துண்டு போட வேண்டாம், முழுசாகவே இருக்கட்டும். தெர்மகோல் பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, உடைத்த ஐஸ் ஒரு அடுக்கு, மீன், மேலே இன்னொரு அடுக்கு, வயிற்றுக்குள்ளும் ஒரு கைப்பிடி. உருகின தண்ணீர் ஓட்டை வழியாக வெளியேறிவிட வேண்டும், மீன் அதில் ஊறக் கூடாது. பஸ் என்றால் அடியில் ஒரு பழைய சாக்கு, இல்லையென்றால் கண்டக்டர் சத்தம் போடுவார். சிதம்பரத்தில் ஐஸை ஒருமுறை மாற்றிவிட்டால் கும்பகோணம் வரை தாங்கும். தலையை வீசிவிடாதீர்கள், கொடுவாத் தலையைத் தனியாகக் குழம்பு வைக்கலாம்.